எழுபத்திரண்டு வாஷர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தம் பதினைந்து பேர்கூட இல்லை. கியர், ஷாஃப்ட் மாதிரியான சாமான்களை மற்ற கம்பெனிகளிலிருந்து வாங்கி, சூடேற்றி, கடினமாக்கித் திருப்பி அனுப்புவதுதான் தொழில். அதற்கு ஒரு தொட்டி நிறைய உப்பு உருகிக் கொதித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு உப்பு இல்லை, வேறு ஜாதி. அந்தத் தொட்டியை அணைக்கக் கூடாது. அணைத்தால் உப்பு பாறையாக இறுகிவிடும். மறுபடி உருக்க இரண்டு நாள் பிடிக்கும், உருக்கும்போது வெடித்தாலும் வெடிக்கும். அதனால் வருஷத்தில் எல்லா நாளும் யாராவது அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தீபாவளி அன்றும்தான்.

தீபாவளிக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் தொட்டியைப் பார்க்க, இன்னொருவர் கரன்ட் போனால் ஜெனரேட்டர் போட. முந்தின நாள் சாயங்காலம் உள்ளே போனால் தீபாவளி சாயங்காலம்தான் வெளியே வரலாம். ஒருவர் எப்போதும் பாய். பூந்தமல்லிக்காரர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், தொட்டியின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லுவார். தீபாவளிக்கு அவர் இருப்பார், ரம்ஜானுக்கு நாங்கள் அவர் வேலையைப் பார்ப்போம். அதில் எந்த வருஷமும் தகராறு வந்ததில்லை. தகராறு இரண்டாவது ஆளுக்குத்தான்.

முதலில் பேர் எழுதிக் குலுக்கிப் பார்த்தார்கள். பேர் வந்தவன் எல்லாம், குலுக்கினவன் தில்லுமுல்லு பண்ணிவிட்டான் என்று வருஷம் பூராவும் முறைத்துக்கொண்டு திரிந்தான். அப்புறம்தான் மூணு சீட்டு வந்தது. நான் சேர்வதற்கு முன்பே அது வழக்கமாகிவிட்டது. ஆயுத பூஜை அன்று மெஷின் ஓடாது. சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கியதும் எல்லோரும் பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். காசு கிடையாது. காசு வைத்தால் பாய் உட்கார மாட்டார், எழுந்து போய்விடுவார். அதனால் வாஷர். ஸ்டோரிலிருந்து எடுத்து ஆளுக்கு நாற்பது. யார் கையில் முதலில் வாஷர் தீருகிறதோ அவர் தீபாவளிக்கு இருக்க வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்தது. கடைசியில் யார் கையில் அதிகம் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

குலுக்கலைவிட இது எந்த விதத்தில் மேல் என்று கேட்கலாம். தோற்றவன் வேறு யாரையும் திட்ட முடியாது. அது ஒன்றுதான்.

மூணு சீட்டு தெரியாதவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லோரும் நடுவில் வாஷர் வைக்க வேண்டும். ஆளுக்கு மூன்று சீட்டு. சீட்டைப் பார்த்தும் ஆடலாம், பார்க்காமல் பிளைண்டாகவும் ஆடலாம். பார்க்காமல் ஆடுகிறவன் ஒன்று போட்டால் பார்த்து ஆடுகிறவன் இரண்டு போட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால் ஒருவர் போட வேண்டியதைப் போட்டு ஷோ கேட்கலாம். யார் சீட்டு பெரிதோ அவருக்கு நடுவில் இருப்பது எல்லாம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகக்கூடாது என்பதற்காகப் பாய் ஒரு சட்டம் போட்டிருந்தார். முதல் ஒரு மணி நேரம் நடுவில் வைப்பது ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. அதனால் சும்மா சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று நினைப்பவன் கையும் கரைந்துகொண்டே வரும்.

இந்த ஆட்டத்தில் சீட்டைவிட முக்கியம் கையில் இருக்கும் வாஷர் என்பதை நான் இரண்டாவது வருஷமே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். நாற்பதும் கையில் இருக்கிறவன் நிதானமாக இருப்பான். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பான். இருபதுக்குக் கீழே போனதும் அவன் முகமே மாறிவிடும். ஒவ்வொரு வாஷரையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் போடுவான். நான்கு, ஐந்து என்று வந்துவிட்டால் இரண்டே வழி. கிடைத்த சீட்டோடு மொத்தத்தையும் நடுவில் தள்ள வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்து வேறு எவனாவது முதலில் தீருகிறானா என்று பார்க்க வேண்டும். இருபதுக்குக் கீழே இருக்கிறவனைத்தான் நான் குறி வைப்பேன். என் கையில் அறுபது இருக்கும்போது, ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு எட்டு வாஷரை எடுத்து வைப்பேன். அவனிடம் ஜோடியே இருந்தாலும் கவிழ்த்துவிடுவான். தீபாவளி பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் நான் பிழைத்தேன். எனக்குக் கல்யாணமாவதற்கு முந்தின வருஷம் ஆட்டம் முடிந்தபோது என் கையில் நூற்றுப் பத்து இருந்தது. அது எதற்கும் உதவாது என்று தெரிந்தும், எண்ணிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

எனக்குக் கல்யாணமானது எண்பதுகளின் கடைசியில், ஆவணி மாதம். பெண் வீடு திருமழிசை. மாமனார் சின்ன வயதில் வயல் வேலை பார்த்தவர். அப்புறம் அங்கே எஸ்டேட் வந்ததும் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் நாலு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். என் மனைவி கடைசிப் பெண். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், பேன்ட் துணி, எல்லாம் ஆவணியிலேயே பேசி முடித்தாகிவிட்டது. மனைவிக்கு அதைப் பற்றிப் பேசுவதென்றால் முகம் பூரித்துவிடும். மூன்று அக்காமார்களின் தலை தீபாவளிக்கும் அவள்தான் எண்ணெய்க் கிண்ணம் பிடித்தவள். இந்த முறை மணையில் உட்காரப்போவது அவள்.

ஆயுத பூஜை அன்று உட்கார்ந்ததும் பாய்தான் பேச்சை எடுத்தார்.

"தம்பிக்கு இது தல தீபாவளி. அவன இந்த வர்சம் உட்றலாம். இன்னா சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவன்கூட முகம் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன்.

"அதெல்லாம் வாணாம் பாய். எனக்கும் நாப்பது எண்ணுங்க. ஆடியே போறேன்."

"அட, சொல்றத கேளு நைனா."

"எனக்கு யாரும் பிச்சை போட வாணாம்."

இப்போது எழுதும்போது அந்த வாக்கியத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. யார் பிச்சை போட்டார்கள்? அவர்கள் மொய் எழுதுவதைப்போலச் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது அது படவில்லை. போன வருஷம் நூற்றுப் பத்து வைத்திருந்தவனைப் பார்த்து ஒதுங்கி உட்கார் என்கிறார்களே என்றுதான் பட்டது.

ஒன்பது பேர் ஆடினோம். பாயும் ஒருவர். அவர் எப்படியும் தீபாவளிக்கு இருக்கப்போகிறவர், அவர் வாஷர் தீர்ந்தால் கணக்கில்லை. வேடிக்கைக்குத்தான் ஆடுவார். அதனால் சீட்டைத் தொடவே மாட்டார். மூன்று சீட்டும் கவிழ்ந்தபடி அவர் முழங்காலுக்கு முன்னால் கிடக்கும். பொரியை வாயில் போட்டுக்கொண்டே பிளைண்ட், பிளைண்ட் என்று வாஷரைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

எனக்கு இடது பக்கம் ஆவடிக்காரர். பேக்கிங்கில் வேலை, மூன்று குழந்தைகள். சீட்டைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், கவிழ்த்துவிடுவார். ராணி ஜோடியைக் கவிழ்த்ததை ஒரு தடவை நானே பார்த்தேன். நாங்கள் அவரை ஓட்டாத ஓட்டு இல்லை. "இன்னாத்துக்கு சீட்டு கொடுக்கணும் உனக்கு? பொரி மட்டும் துன்னுட்டுப் போ" என்று நானே சொன்னேன். அவர் சிரித்துக்கொள்வாரே தவிர அடுத்த சீட்டையும் கவிழ்த்துவிடுவார்.

இரண்டாவது மணி நேரம். நடுவில் வைப்பது இரண்டாகிவிட்டது. ஆவடிக்காரர் நான்கில் இரண்டை வைத்தார், கையில் மிச்சம் இரண்டே இரண்டு. அடுத்த ஆட்டத்தில் அதையும் வைத்தாக வேண்டும். அதோடு அவர் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களிடம் இருபது, முப்பது என்று இருந்தது. என்னிடம் எழுபத்திரண்டு. பாயிடம் தொண்ணூறுக்கு மேல்.

பாய் வழக்கம்போலச் சீட்டைத் தொடாமல் இரண்டு போட்டார். மற்றவர்கள் வரிசையாகக் கவிழ்த்தார்கள். நான் பார்த்தேன். இரண்டு ராஜா, ஒரு எட்டு. நல்ல சீட்டுதான். நான்கு வைத்தேன். பாய் நான்காக ஏற்றினார். நான் எட்டு. மறுபடி அவர் நான்கு, நான் எட்டு. அப்புறம் பாய் ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு எட்டு வாஷரைத் தள்ளினார். சீட்டு அவர் முன்னால் கவிழ்ந்தபடியே கிடந்தது. சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள். பாயைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று எனக்குப் புரியவில்லை. காது சூடாகிவிட்டது. பதினாறு எடுத்து வைத்தேன்.

அங்கேயே ஷோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சீட்டையே பார்க்காத மனுஷன் என் வாஷரைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டும், அதை ஷெட்டில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. என் வித்தை எல்லாம் பயப்படுகிறவனிடம்தான் செல்லும். பாய்க்கு என்ன பயம்? தீபாவளிக்கு அவர் எப்படியும் அங்கேதான் இருக்கப்போகிறார். என்னைவிட அதிக வாஷர் வேறு வைத்திருக்கிறார். அந்த ஷெட்டிலேயே என்னைக் காலி செய்யக்கூடிய ஒரே ஆளோடு, அவசியமே இல்லாமல், நானாகப் போய் மோதிக்கொண்டிருந்தேன். அவர் எட்டு போட நான் பதினாறு போட்டேன். அவர் மறுபடியும் எட்டு. ஒரு கட்டத்தில் என் கையில் இருபது மிச்சம் இருந்தது.

பாய் பொரி மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"போதும் தம்பி. கவுத்துட்டுப் போ. இன்னா இப்ப?"

"நான் பாத்துட்டுதான் ஆடறேன் பாய். நீங்க உங்க ஆட்டத்த ஆடுங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். நான் பதினாறை வைத்தேன். அவர் எட்டு வைத்தார். என்னிடம் நான்கு இருந்தது. ஷோவுக்கு அது போதாது. ஆனால் கையில் இருப்பதையெல்லாம் வைத்து ஷோ கேட்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. வைத்தேன். ராஜா ஜோடியைத் திருப்பிப் போட்டேன்.

பாய் முதல் தடவையாகத் தன் சீட்டைத் தொட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஆட்டின் மூன்று. ஆட்டின் ஒன்பது. மூன்றாவதைத் திருப்பியதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆட்டின் ஏழு. மூன்றும் ஒரே ஜாதியாக இருந்தால் கலர். கலருக்கு முன்னால் ராஜா ஜோடி செல்லாது.

ஆவடிக்காரர் தன் இரண்டு வாஷரையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பாய் மேல்தான் பாய்ந்தேன்.

"தெரிஞ்சேதான பண்ணீங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? நா பாக்கவே இல்லியே தம்பி. நீதான பாத்துக்கினு ஆடின?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொன்னேன். மனைவி அழுதாள். அழுதபிறகு கம்பெனியைத் திட்டினாள். முதலாளியை, முதலாளி குடும்பத்தை, அந்த உப்புத் தொட்டியை எல்லாம் சேர்த்துத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமனார் கம்பெனிக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் பை. பையில் ஆப்பிளும் வாழைப்பழமும். முதலாளியைக் கண்டு பேசி எனக்கு லீவு கேட்க வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தொட்டிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவர் ஏற்கெனவே ஆபீஸ் ரூமுக்குள் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை என்பது தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலாளி நல்ல மனுஷர்தான். மறைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"நான் யாரையும் இருக்கச் சொல்லலைங்க. இரண்டு பேர் வேணும்னு சொல்றதோட சரி. ஆயுத பூஜை அன்னிக்கு அவங்களே சீட்டாடி முடிவு பண்ணிக்கறாங்க. உங்க மாப்பிள்ளைய அவங்க உட்டுடறோம்னுதான் சொன்னாங்களாம். அவர்தான் ஆடுவேன்னுட்டாராம்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையை மேஜைமேல் வைத்தார். "பூஜைக்கு வந்திருக்கணும், வரமுடியல. வெச்சுக்குங்க சார்" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கூடவே நடந்தேன். ஏதாவது திட்டுவார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பஸ் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஊட்ல கேட்டா கம்பெனில உடலன்னே இருக்கட்டும் மாப்ள. நா சொல்லிக்கறேன்."

தீபாவளிக்கு மனைவி மட்டும் தனியாகத் திருமழிசைக்குப் போனாள். அன்று காலையில் பாய் ஒரு சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் எடுத்துக் கொடுத்தார். வரும்போதே வாங்கி வந்திருக்கிறார். தொட்டிப் பக்கத்தில் வாளித் தண்ணீரை வைத்துச் சுடவைத்துத் தந்தார். கம்பெனிக் குழாயடியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கரன்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமழிசைக்குப் போனேன். மோதிரம் போட்டார்கள், இலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. கொஞ்ச நேரத்தில் காரணம் தெரிந்தது. மாமனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "எங்க மாப்ள இல்லன்னா அந்த ஃபர்னஸே நின்னுடுமாம். மொதலாளி கைய புட்ச்சிக்கினு கெஞ்சறாரு, இன்னா பண்றது?" என்று அவர் என் எதிரிலேயே ஒருவரிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

மாமனார் தொண்ணூறுகளின் நடுவில் காலமானார். கடைசிவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. தனியாக இருக்கும்போதும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியவர் என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தும்போது, "தல தீபாவளிக்குக்கூட கம்பெனில உடாத மாப்ள இவர்தான்" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பூந்தமல்லியில் அம்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றோம். மத்தியானம், பஸ் வர நேரமாயிற்று. அங்கே வைத்துச் சொன்னேன். பாய் விட்டுவிடலாம் என்றது, நான் பிச்சை என்றது, ராஜா ஜோடி, மூன்று ஆட்டின், அவள் அப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தது எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். சீட்டாட்டம் தெரியாதவள், ஏதாவது கேட்பாள் என்று பார்த்தால் கணக்குக் கேட்டாள்.

"உங்க கைல எவ்ளோ இருந்துச்சு?"

"எழுபத்திரண்டு."

"ஆவடிக்காரர் கைல?"

"ரெண்டு."

"அவருது தீர்ந்திருந்தா ஆட்டம் முடிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமா."

அம்பத்தூர் பஸ் வந்தது. நான் கை காட்டினேன். அவள் நகரவில்லை.

"அன்னிக்கி அந்த மணைல எனக்குப் பக்கத்துல யாருமே இல்ல. அக்காங்க எல்லாம் பாத்துக்கினே இருந்தாங்க. எங்கப்பாதான் வந்து எண்ண வெச்சாரு. வெக்கும்போது அவருக்கு கை நடுங்குச்சு. குளிருதாப்பான்னு கேட்டேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள ஜெயிக்கக்கூட சொல்லலியே யாரும். எனக்காவ ஒரு பத்து நிமிசம் சும்மா உக்காந்துகினு இருக்க முடியலியா உங்களால?"

பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு நின்றோம்.